கடைசி இடம் பத்திரமான இடமா?

18 ஆட்டங்கள், 18 தோல்விகள். இங்கிலாந்தின் உச்ச ரக்பி யூனியன் லீக்கான பிரீமியர்ஷிப்பில், 2023–24 பருவத்தில் நியூகாசில் பால்கன்ஸ் அணி கண்ட கணக்கு இது. கால்பந்தாக இருந்தால் அந்த அணி மறு ஆண்டே கீழ்ப்பிரிவுக்குப் போயிருக்கும். பால்கன்ஸ் எங்கும் போகவில்லை. அடுத்த பருவமும் அதே லீக்கில் ஆடி, அதே கடைசி இடத்தில் முடித்தது. பிறகு 2025 ஆகஸ்டில் ரெட் புல் நிறுவனம் அதை வாங்கிப் பெயரையும் மாற்றிவிட்டது.

தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியை என்ன செய்வது? கீழே இறக்கிவிடுவதா, இழுத்து மூடுவதா, பெரும் பணக்காரரிடம் விற்பதா, பொறுத்திருப்பதா? நியூகாசில் ரசிகர்கள் சில ஆண்டுகளாக இதைத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். லீக் என்பதே அணி உரிமையாளர்கள் கூடி நடத்தும் வியாபாரமாக மாறிவரும் காலத்தில், இது அந்த ஊரோடு முடிகிற வாதம் அல்ல.

என் சித்தி மகன் நியூகாசிலில் செவிலியராக இருக்கிறான். போன புதிதில் குளிருக்கும் தனிமைக்கும் மாற்றாக, உடன் வேலை செய்பவர்களோடு கிங்ஸ்டன் பார்க் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தவன். விமான நிலையம் போகும் மெட்ரோவில் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். விதிகள் புரிவதற்கு முன்பே அவனுக்குத் தோல்வி பழகிவிட்டது. "தோக்குறது ஒண்ணும் புதுசு இல்லண்ணா. பக்கத்து சீட்டுப் பெரியவர் தெர்மாஸ்ல டீ கொண்டாருவாரு, எனக்கும் ஒரு கப் ஊத்துவாரு. அதுக்குத்தான் போறேன்" என்றான் ஒருமுறை. லீக் எவ்வளவு கெட்டாலும் ஒரு கிளப் உயிரோடு இருப்பதன் ரகசியம் அந்தத் தெர்மாஸில்தான் இருக்கிறது. அதை எந்தக் கணக்குப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

ஒரு காலத்தில் சாம்பியன்

இந்தக் கிளப்புக்கு வயது சாதாரணமில்லை. 1877இல் காஸ்ஃபோர்த் என்ற பெயரில் தொடங்கியது. 1976, 1977 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் தேசியக் கோப்பையை வென்றது. 1995இல் 'ரக்பி யூனியன்' என்ற இந்த வகை ரக்பி, வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று கதவைத் திறந்ததும் முதலில் உள்ளே பாய்ந்தவர்களில் ஒருவர் நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணியின் முதலாளி சர் ஜான் ஹால். கிளப்பை வாங்கினார், இங்கிலாந்து வீரர் ராப் ஆண்ட்ரூவை அழைத்து வந்தார், பணத்தைக் கொட்டினார். கீழ்ப்பிரிவிலிருந்து மேலேறிய முதல் பருவத்திலேயே, 1997–98இல், பால்கன்ஸ் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது.

அந்தக் காலத்தில் அங்கே சேர்ந்த ஒரு பையன்தான் ஜானி வில்கின்சன். 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், சிட்னியில், கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் வலது காலால் பந்தை உதைத்து இங்கிலாந்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இடது கால் ஆட்டக்காரர் அவர். ரக்பியே பார்க்காதவர்களும் எங்கோ ஓரிடத்தில் பார்த்திருக்கக்கூடிய காட்சி அது. 2009இல் அவர் பிரான்சின் துலோன் அணிக்குப் போய்விட்டார்.

மேலே வரும்போது யார் பணம் போட்டார்களோ அவர்கள் விலகியதும் கிளப் தள்ளாடத் தொடங்கியது. மைதானத்தைக்கூட ஒரு பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டுப் பிறகு திரும்ப வாங்க வேண்டியிருந்தது. 2011இல் செமோர் குர்தி என்ற தொழிலதிபர் கையில் எடுத்தார். 2012இல் இறக்கம், மறு ஆண்டே ஏற்றம். 2018இல் அரையிறுதி வரை வந்தார்கள், 2019இல் மறுபடி இறக்கம். அப்போதெல்லாம் ஏணியில் ஏறவும் முடிந்தது, இறங்கவும் முடிந்தது. இறங்கியபோது வலித்தது. ஆனால் கீழே போய் ஜெயித்துப் பழகித் திரும்பி வந்தார்கள். 2019–20இல் கீழ்ப்பிரிவில் கொரோனா ஆட்டங்களை நிறுத்தும்வரை ஆடிய அத்தனை ஆட்டங்களிலும் ஜெயித்திருந்தார்கள்.

அதன்பிறகு ஏணியையே எடுத்துவிட்டார்கள்.

அறுபதாவது நிமிடத்தில் நடப்பது

ஓர் அணி ஏன் தொடர்ந்து தோற்கிறது என்பதற்கு ரசிகர்கள் பயிற்சியாளரைக் குற்றம் சொல்வார்கள், வீரர்களுக்கு ரோஷம் இல்லை என்பார்கள். ரக்பியில் விடை பெரும்பாலும் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

ஓர் ஆட்டத்துக்கு 23 பேர். களத்தில் 15, வெளியே 8. ஆட்டம் 80 நிமிடம். இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளுகிற 'ஸ்க்ரம்' இருக்கிறதே, அதில் முன்வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவரும் நூறு கிலோவுக்கு மேல் எடை. அறுபது நிமிடம் அப்படி முட்டித் தள்ளிய ஆளால் அதற்குமேல் நிற்க முடியாது. அப்போது பணக்கார அணி என்ன செய்யும்? முன்வரிசை மூவரையும் மொத்தமாக வெளியே எடுத்துவிட்டு, அவர்களுக்குக் கொஞ்சமும் குறையாத மூன்று பேரைப் புதிதாக இறக்கும். ஏழை அணி இறக்குவது பத்தொன்பது, இருபது வயதுப் பையன்களை. அடுத்த ஸ்க்ரமில் அந்தப் பையன்களின் கால் பின்னால் வழுக்குவதை மேல் வரிசையிலிருந்து பார்த்தாலே தெரியும். நடுவர் ஊதுவார், பெனால்டி. பந்து மூலைக்குப் போகும், அங்கிருந்து ஒரு டிரை, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டித் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது. அறுபது நிமிடம் சமமாக ஆடிய அணி பதினைந்து, இருபது புள்ளி வித்தியாசத்தில் தோற்று வெளியே வரும்.

2023–24இல் லீக் அட்டவணையில் பால்கன்ஸ் மொத்தம் எடுத்தது 5 புள்ளிகள். ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள் தோற்றாலோ, நான்கு டிரை போட்டாலோ ஒரு புள்ளி ஆறுதலாகக் கிடைக்கும். அப்படிச் சேர்ந்தவைதான் அந்த ஐந்தும்.

வீரர்களின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்தப் பருவத்தில் அது 50 லட்சம் பவுண்டு, பிறகு 64 லட்சம். பல அணிகள் கூரையை முட்டிக்கொண்டு நிற்க, நியூகாசில் அதற்கு வெகு கீழே நின்றது. சொந்தக் கைப்பணத்தைப் போட்டு நடத்திய உரிமையாளர், இதற்குமேல் முடியாது என்று கிளப்பை விற்க வந்துவிட்டார். இங்கே ரோஷத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

இதைவிட எரிச்சலூட்டுவது இன்னொன்று. வடகிழக்கு இங்கிலாந்தில் உச்ச லீக் ரக்பி அணி இது ஒன்றுதான். அந்த வட்டாரத்துப் பையன்களைக் கண்டெடுத்து வளர்க்கிற வேலையை இந்தக் கிளப் ஒழுங்காகவே செய்கிறது. முன்வரிசை வீரர் டிரெவர் டேவிசன் 2023இல் நார்தாம்ப்டன் அணிக்குப் போனார். 2024இல் நார்தாம்ப்டன் சாம்பியன். இளம் வீரர் கை பெப்பர் 2024இல் பாத் அணிக்குப் போனார். 2025இல் பாத் சாம்பியன், பெப்பர் இங்கிலாந்து அணியிலும் இடம் பிடித்தார். மின்னல் ஓட்டக்காரர் ஆடம் ராட்வான் லெஸ்டருக்குப் போனார். 2025 இறுதி ஆட்டத்தில் பாத்துக்கு எதிரே நின்றது லெஸ்டர். விதைத்தவன் வரப்பில் நிற்கிறான், அறுவடை வேறு வேறு களத்து மேட்டில்.

கால்பந்தில் ஒப்பந்தக் காலத்தில் வீரர் நாடுவிட்டு நாடு விலைபோனால், சிறுவயதில் வளர்த்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் 5 சதவீதம் போய்ச் சேர வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. ரக்பியில் பெரும்பாலும் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டுப் போகிறார்கள். வளர்த்த கிளப்புக்கு மிஞ்சுவது அடுத்த பையனைத் தேடும் வேலை.

கதவைச் சாத்தியது யார்?

2003–04இல் ரோதர்ஹாம் என்ற அணி 22 ஆட்டங்களிலும் தோற்றது. கீழே இறக்கப்பட்டது. கதை முடிந்தது, யாரும் குழம்பவில்லை.

இருபது ஆண்டுக்குப் பின் நியூகாசில் தோற்றபோது நடந்தது வேறு. கொரோனாவைக் காரணம் காட்டி 2020–21இல் நிறுத்திய இறக்கத்தை லீக் மறுபடி சரியாகத் தொடங்கவே இல்லை. கடைசி அணிக்கும் கீழ்ப்பிரிவு சாம்பியனுக்கும் இரண்டு ஆட்டங்கள் வைத்து முடிவு செய்யலாம் என்று ஒரு ஏற்பாடு காகிதத்தில் இருந்தது. 2024இல் கீழ்ப்பிரிவை வென்றது மேற்கு லண்டனின் ஈலிங் டிரெயில்ஃபைண்டர்ஸ். அவர்கள் மைதானத்தில் 10,001 பேருக்கு இடமில்லை என்பதால் தகுதியில்லை என்றார்கள். 2022இலும் இதே ஈலிங் வென்றது, இதே காரணத்தைத்தான் கேட்டது.

கிங்ஸ்டன் பார்க்கில் பத்தாயிரத்துக்கும் சற்று அதிகமான பேருக்கு இடம் உண்டு. பல வாரங்களில் அதில் பாதி காலியாகத்தான் கிடந்தது. காலி நாற்காலிக்குத் தகுதி உண்டு, ஜெயிக்கிற அணிக்கு இல்லை! எங்கள் ஊர் கல்யாண மண்டபம்கூட இந்த விதியை விட நியாயமாக நடந்துகொள்ளும்.

கதவைச் சாத்தியவர்கள் பக்கமும் ஒரு பேச்சு இருக்கிறது. 2022 அக்டோபருக்குள் வூஸ்டர் வாரியர்ஸ், வாஸ்ப்ஸ் என இரண்டு அணிகள் திவாலாகி விழுந்தன. வாஸ்ப்ஸ் இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியன் ஆன அணி. லண்டன் பக்கத்தை விட்டுக் கோவன்ட்ரிக்குக் குடிபெயர்ந்து, மக்களிடம் கடன் பத்திரம் விற்று நடத்தியது. 2023 ஜூனில் லண்டன் ஐரிஷ். பருவத்தை ஐந்தாம் இடத்தில் முடித்த அணி அது. தோல்வியால் அல்ல, சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் போனது. 13 அணி லீக் 10 ஆனது. கீழ்ப்பிரிவு சாம்பியனாக இருந்த ஜெர்சி ரெட்ஸும் அதே ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது.

"வூஸ்டரில் சமையல்காரர் முதல் கேப்டன் வரை ஒரே வாரத்தில் வேலை போனது. நாங்கள் தோற்கிறோம், ஆனால் இருக்கிறோம்" என்பது நியூகாசிலில் ஒரு தரப்பு ரசிகர்களின் வாதம். இறக்கப்பட்டால் தொலைக்காட்சிப் பணம் போகும், ஸ்பான்ஸர் போவார், பிறகு கிளப்பே போகும். ஆகவே கதவு சாத்தியே இருக்கட்டும் என்கிறார்கள். அந்த பயம் பொய்யில்லை.

எதிர்த்தரப்பு கேட்பது: எதற்காக நான் பருவச் சீட்டு வாங்க வேண்டும்? ஜனவரி மாதம், வட கடல் காற்று, தோற்றாலும் ஒன்றும் ஆகாது, ஜெயித்தாலும் ஒன்றும் ஆகாது. எதற்காக எதிரணி ஊரான எக்ஸிட்டர் வரை, சென்னை–மதுரை தூரத்தைவிட அதிகம், பேருந்தில் போய்க் கத்த வேண்டும்?

எனக்கு இரண்டாவது தரப்பின் பேச்சே சரியாகப் படுகிறது. திவாலான மூன்று அணிகளையும் கவிழ்த்தது இறக்கம் அல்ல. வரவுக்கு மேல் செலவு, கொரோனாக் காலக் கடன், வரிப் பாக்கி, ஒற்றை முதலாளியின் பையை நம்பிய பிழைப்பு. மூன்றும் விழுந்தபோது இறக்கமே நடைமுறையில் இல்லை. கதவைச் சாத்தியது வீட்டைக் காப்பாற்றவில்லை. உள்ளே காற்று வராமல் செய்ததுதான் மிச்சம்.

2018இல் லீக்கின் 27 சதவீதப் பங்கைச் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று, வந்த பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பணம் மைதானமாகவோ பயிற்சிக் கூடமாகவோ நின்றிருந்தால் இன்று ஈலிங்கிடம் நாற்காலிக் கணக்குக் கேட்கும் உரிமையாவது இருந்திருக்கும்.

புதுப் பணம், புதுப் பெயர்

2024 அக்டோபரில் எக்ஸிட்டரை வீழ்த்தி அந்த நெடுந்தோல்வியை முடித்தபோது, ஒரு கோப்பையை வென்றதுபோல மைதானம் கூத்தாடியதாகச் சித்தி மகன் சொன்னான். ஆனால் கிளப்பின் கழுத்தில் இருந்த கயிறு அப்படியேதான் இருந்தது. அதை அறுத்தது ரெட் புல்.

சம்பளம் நிச்சயம், கடன் கவலை இல்லை, நல்ல பயிற்சி வசதி, பெரிய வீரர்கள் வர வாய்ப்பு. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நியூகாசிலில் யாருக்கும் தெம்பில்லை, எனக்கும் இல்லை. விலையாகக் கேட்டது பெயரை. பால்கன்ஸ் போய் 'நியூகாசில் ரெட் புல்ஸ்' ஆனது. பெயர் மாறியதும் எல்லாம் மாறிவிடவில்லை; புதுப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே சரசென்ஸ் அணியிடம் தோற்றார்கள்.

"பேரு மாறுனதுக்கு அழுதவங்க கொஞ்சம் பேருதான் அண்ணா. டீக்காரப் பெரியவர் மட்டும் பழைய ஸ்கார்ஃபையே போட்டுட்டு வர்றாரு. கேட்டா, குளிருக்குத்தாம்ப்பாங்குறாரு" என்றான் சித்தி மகன்.

இந்த நிறுவனம் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கால்பந்து கிளப்பை 2005இல் வாங்கியபோது பெயரை மட்டுமல்ல, ஊதா நிறத்தையும் எடுத்தது. பழைய ரசிகர்கள் வெளியேறி, ஊதா நிறத்தோடு சொந்தமாக ஒரு கிளப் தொடங்கிக் கடைசிப் பிரிவிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். அதே நேரம், ரெட் புல் சால்ஸ்பர்க் கோப்பைகளை அள்ளியதும் உண்மை. ஜெர்மனியின் லைப்சிக்கிலும் அவர்கள் பணம் போட்ட அணி உச்ச லீக் வரை ஏறியது. ஆகவே களத்தில் நியூகாசிலுக்கு நல்லது நடக்க வாய்ப்பு உண்டு. அவசரப்பட்டுச் சாபம் கொடுக்க வேண்டியதில்லை.

என் குறை வேறு. 2025 ஜூலையில் பிரிட்டன் நாடாளுமன்றம் கால்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. கிளப்பின் பெயர், சின்னம், சொந்த மைதானத்துச் சட்டை நிறம் இவற்றில் முதலாளி நினைத்தபடி கை வைக்க முடியாதபடி அதில் பாதுகாப்பு இருக்கிறது. அடுத்த மாதமே அதே நாட்டில் ஒரு ரக்பி கிளப்பின் பெயர் மாறியது. அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை, ஏனெனில் பந்தின் வடிவம் வேறு.

நமக்கு இதில் என்ன?

நாம் உட்கார்ந்திருப்பதே இறக்கம் இல்லாத லீக்கின் பார்வையாளர் மாடத்தில்தான். 2025 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் தன் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. சேப்பாக்கத்தில் மஞ்சள் நிறம் குறையவில்லை, அணியின் இடத்துக்கும் ஆபத்தில்லை. இரண்டு மாத ஐபிஎல்லுக்கு அது ஒத்துவரலாம். அங்கே ஏலம் இருக்கிறது, தொலைக்காட்சிப் பணம் ஆறாக ஓடுகிறது. ஆண்டு முழுக்க வாரம் ஒரு ஆட்டமாக, ஐந்தாயிரம் பேர் வாங்கும் சீட்டை நம்பி ஓடும் ஊர் கிளப்புக்கு அதே சட்டையை மாட்டிவிட்டால் பொருந்தாது.

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் இந்திய ரக்பி பிரீமியர் லீக்கை வென்றது சென்னை புல்ஸ். ஏழு பேர் ஆடும் குறுவடிவம். பலருக்கு அந்தச் செய்தியே தெரியாமல் போனது. (இங்கேயும் காளை, அங்கேயும் காளை, பெயர் வைப்பவர்களுக்கு வேறு விலங்கு தெரியாதுபோல.) இந்த லீக்கும் ஐபிஎல் பாணிதான். இன்று ஜெயித்த அணி நாளை தோற்கத் தொடங்கினால், அதைத் தாங்கிப் பிடிக்கத் தெர்மாஸோடு வருகிற ஆள் சென்னையில் உண்டா என்று இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

என்ன செய்யலாம்?

முதலில் கதவு. உரிமையாளர்கள் பலருக்கும் அதை நிரந்தரமாகப் பூட்டிவிட ஆசை. அதற்கு ரக்பி சங்கம் இணங்கக் கூடாது. கடைசி அணியும் கீழ்ப்பிரிவு சாம்பியனும் ஆண்டுதோறும் மோதட்டும். ஏறி வரும் அணியிடம் முதல் நாளே பத்தாயிரம் நாற்காலி கேட்காமல், ஐந்து ஆண்டு அவகாசம் கொடுக்கலாம். இறங்கும் அணிக்கு இரண்டு ஆண்டுகள் லீக் வருமானத்தில் ஒரு பங்கு போகட்டும். அப்போது இறக்கம் மரண ஓலையாக இருக்காது.

உச்சவரம்பைப் பிடிக்கிற கண்டிப்பு கீழ்வரம்பிலும் வேண்டும். கூரைக்கு வெகு கீழே நிற்கிற அணியைக் களத்தில் இறக்கிவிட்டு இது சமப்போட்டி என்று சீட்டு விற்கக் கூடாது. செலவிட முடியாத கிளப்புக்கு லீக் பொதுநிதியிலிருந்து அந்தப் பள்ளத்தை நிரப்பலாம், அல்லது அது கீழ்ப்பிரிவில் ஆடட்டும்.

பதினெட்டு வயது வரை வளர்த்த கிளப்பை விட்டு வீரர் போனால், புதுக் கிளப் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கு சில ஆண்டுகளுக்குப் பழைய கிளப்புக்குப் போக வேண்டும். கை பெப்பருக்குப் பாத் கொடுக்கும் சம்பளத்தோடு இப்படி ஒரு தொகை நியூகாசிலுக்கும் வந்திருந்தால், அறுபதாவது நிமிடத்தில் இறங்கும் முன்வரிசைக்காரர் ஒருவரையாவது அதில் வாங்கியிருக்கலாம்.

பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு கிளப்பும் அந்த ஆண்டின் மொத்தச் சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். வரிப் பாக்கி இருந்தால் ஒப்பந்தம் போடத் தடை. வூஸ்டர் ஊழியர்கள் கதை இன்னொரு முறை நடக்காமலிருக்க இதைவிட எளிய வழி தெரியவில்லை.

கடைசியாகப் பெயர். கால்பந்துக்கு வந்த பாதுகாப்பை ரக்பிக்கும் கொண்டுவர நாடாளுமன்றம் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இருக்கிற சட்டத்தில் இன்னொரு விளையாட்டைச் சேர்த்தால் போதும். அதுவரை, பெயரையோ நிறத்தையோ மாற்ற நினைக்கும் எந்த முதலாளியும் மூன்று ஆண்டுகளாவது தொடர்ந்து பருவச் சீட்டு வைத்திருப்பவர்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று லீக்கே விதி வைக்கலாம். கிங்ஸ்டன் பார்க்கில் அந்த வாக்குப்பெட்டியை வைத்தால், பழைய ஸ்கார்ஃபோடு வருபவர் எப்படி வாக்களிப்பார் என்று சித்தி மகனிடம் கேட்டேன். "அவரு மாத்துறதுக்கே போட்டாலும் போடுவாருண்ணா" என்றான். "ஆனா யாராவது வந்து கேட்டிருக்கணும்ல?"